அந்தச் சந்தில் சுட்டவன் யார்? – திரையில் பேட்மேன்

1939 மே மாதத் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாகத் தோன்றியபோது, அவன் எதற்காக வௌவால் வேடம் பூண்டு இரவெல்லாம் நகரத்துக் கூரைகளில் அலைகிறான் என்பதற்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. ஓவியர் பாப் கேனும் கதாசிரியர் பில் ஃபிங்கரும் சேர்ந்து படைத்த அந்தப் பாத்திரத்துக்குக் காரணம் ஒன்று கிடைத்தது நவம்பர் மாதத்து 33-ஆம் இதழில்தான். அதுவும் இரண்டே பக்கங்களில். கோதம் என்னும் கற்பனை நகரத்தின் பெருஞ்செல்வரான தாமஸ் வேயின் தம் மனைவி மார்த்தாவோடும் மகன் புரூஸோடும் திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்புகையில், துப்பாக்கியோடு எதிர்ப்படும் வழிப்பறிக்காரன் ஒருவன் மார்த்தாவின் கழுத்து மாலையைக் கேட்கிறான். தடுக்க முன்வந்த கணவரும், உதவி கேட்டுக் கூச்சலிட்ட மனைவியும் சிறுவனின் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பிறகு அந்தச் சிறுவன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மண்டியிட்டு, தன் வாழ்நாள் முழுவதையும் குற்றவாளிகளுக்கு எதிரான போரில் செலவிடுவதாகச் சபதம் ஏற்கிறான். சுட்டவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, பின்கதை இல்லை.

ஒரு நாயகன் எப்படி நாயகன் ஆனான் என்பதைச் சொல்லும் பகுதியைக் காமிக்ஸ் உலகில் ‘தோற்றக் கதை’ என்பார்கள். பேட்மேன் படங்களை ஒப்பிட முற்படுவோர் வழக்கமாக நடிகர்களையும், உடையையும், காரையும், வில்லன்களையும் அருகருகே வைத்து யார் சிறந்தவர் என்று வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்கு முடிவு இருக்க வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்த முகத்தையே தேர்ந்தெடுக்கும். ஆனால் 33-ஆம் இதழ் விட்டுச் சென்ற அந்தப் பெயரற்ற மனிதனை ஒவ்வொரு இயக்குநரும் என்ன செய்தார் என்று கேட்டால், அந்தப் படம் குற்றத்தைப் பற்றியும் நகரத்தைப் பற்றியும் நீதியைப் பற்றியும் என்ன நம்புகிறது என்பது முழுவதுமாக வெளிப்பட்டுவிடுகிறது. பேட்மேன் படங்களின் தராதரத்தை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

அந்த வெற்றிடத்தைக் காமிக்ஸ் எழுத்தாளர்களே நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளவில்லை. 1948-இல் வெளிவந்த ‘பேட்மேன்’ 47-ஆம் இதழில் கொலையாளிக்கு ஜோ சில் என்ற பெயர் சூட்டப்பட்டது. பேட்மேன் அவனைக் கண்டுபிடித்து, முகமூடியைக் கழற்றித் தான் யார் என்று காட்டுகிறான். அஞ்சி ஓடும் சில், பேட்மேன் உருவானதே தன்னால்தான் என்று தன் கூட்டாளிகளிடம் உளறிவிட, அந்த ஆத்திரத்தில் அவர்களே அவனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். நாயகனின் கை கறைபடாமலேயே பழி தீர்ந்துவிடும் இந்த ஏற்பாடு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வேறொரு வடிவில் திரைக்கு வரவிருந்தது.

திரையின் முதல் முயற்சிகளில், பெற்றோர் சுடப்பட்ட அந்தச் சந்துக்கே இடமில்லை. 1943-இல் கொலம்பியா நிறுவனம் தயாரித்த ‘பேட்மேன்’, அக்காலத்து ‘சீரியல்’ வகையைச் சேர்ந்தது. அதாவது, வாரம் ஓர் அத்தியாயமாக, ஒவ்வொன்றும் நாயகன் உயிராபத்தில் சிக்கும் இடத்தில் அறுந்து நிற்குமாறு எடுக்கப்பட்டு, 15 வாரங்கள் திரையரங்குகளில் ஓட்டப்பட்ட தொடர்படம். லூயிஸ் வில்சன் ஏற்ற பேட்மேன் அதில் அமெரிக்க அரசின் இரகசிய முகவர். சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் தனிமனிதன் அல்லன். வில்லனோ டாக்டர் டாகா என்னும் ஜப்பானிய உளவாளி. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்க முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், அச்செயலைப் பாராட்டும் பின்னணிக் குரலோடு வெளிவந்த அத்தொடரை இன்று பார்ப்பது வேதனை தருவது. வௌவால் குகை என்ற எண்ணம் மட்டும் அதிலிருந்து காமிக்ஸுக்குச் சென்று நிலைத்துவிட்டது. 1949-இல் வந்த இரண்டாவது தொடர்படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

1966-இல் ஆடம் வெஸ்ட் நடித்து, லெஸ்லி மார்ட்டின்சன் இயக்கிய முதல் முழுநீளப் படமும் பெற்றோரின் கொலையை ஒதுக்கியே வைத்தது. அதற்கு வேறு காரணம் இருந்தது. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் இதழ்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று எழுதிய நூலும், அதையொட்டி நடந்த செனட் விசாரணையும் பதிப்பாளர்களை அச்சுறுத்த, அவர்கள் தாங்களாகவே ‘காமிக்ஸ் கோட்’ என்னும் தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். பேட்மேன் கதைகளிலிருந்து இருளும் இரத்தமும் வடிந்துபோய், வெளிச்சமான, விநோதமான சாகசங்கள் மிஞ்சியிருந்த காலம் அது. ஆடம் வெஸ்டின் படம் அந்த விநோதத்தையே கலையாக்கியது. ஓரிடத்தில், திரி எரிந்துகொண்டிருக்கும் உருண்டை வெடிகுண்டைத் தலைக்குமேல் தூக்கியபடி பேட்மேன் துறைமுக மேடையில் ஓடுகிறான். வீசி எறியலாம் என்று திரும்பும் திசையெல்லாம் கன்னியாஸ்திரீகள், குழந்தை வண்டி தள்ளும் தாய், வாத்தியக் குழு, படகில் காதலர்கள், நீரில் வாத்துக் குஞ்சுகள் என்று யாரேனும் நிற்கிறார்கள். மிகையையும் செயற்கையையும் தெரிந்தே முகத்தில் சிரிப்பில்லாமல் கொண்டாடும் இந்த அழகியலைக் கலை விமர்சகர்கள் ‘கேம்ப்’ என்று அழைக்கிறார்கள். ஆனாலும் அந்த ஓட்டத்தின் அடியில் ஒரு தீர்மானம் இருக்கிறது. ஒரு வாத்துக் குஞ்சைக்கூடத் தன் செயலால் சாகவிடாதவனே பேட்மேன் என்பதைப் பிற்காலப் ‘பெரியவர்களுக்கான’ படங்கள் பலவற்றைவிடத் தெளிவாகச் சொன்னது இந்தப் படம்தான்.

டிம் பர்ட்டன் 1989-இல் அந்தச் சந்துக்குத் திரும்பினார். அதற்குள் காமிக்ஸின் நிலை மாறியிருந்தது. ஃபிராங்க் மில்லர் 1986-இலும் 1987-இலும் எழுதிய இரு நெடுங்கதைகள் புரூஸ் வேயினைத் தூக்கமிழந்த, கசந்துபோன மனிதனாகக் காட்டி, அவனை மீண்டும் இருளுக்குள் அழைத்துச் சென்றிருந்தன. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் நாயகன் என்று அறிவிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. படம் வெளிவந்து உலகெங்கும் 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய பிறகு அந்தக் குரல்கள் அடங்கின. ஆன்டன் ஃபர்ஸ்ட் லண்டனுக்கு அருகே பைன்வுட் அரங்கில் எழுப்பிய கோதம், வானமே தெரியாதபடி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கட்டடங்களின் நகரம். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

அந்தப் படத்தின் மையமான முடிவு, புரூஸின் பெற்றோரைச் சுட்டவன் ஜாக் நேப்பியர் என்னும் இளம் ரவுடி என்றும், அவனே பின்னாளில் இரசாயனத் தொட்டியில் விழுந்து ஜோக்கர் ஆனவன் என்றும் மாற்றியதுதான். கொலைக்குமுன் தன் இரையிடம் ஒரு விசித்திரமான கேள்வியைக் கேட்பது நேப்பியரின் பழக்கம். பல ஆண்டுகள் கழித்து, நிருபர் விக்கி வேலின் வீட்டில், ஜாக் நிக்கல்சனின் ஜோக்கர் அதே கேள்வியைத் தன்னிடமே கேட்கும்போது புரூஸின் முகத்தில் எதுவோ நின்றுபோகிறது. சிறிது நேரத்தில், ஈரமான சந்து, பின்னால் நெருங்கும் காலடிகள், தரையில் சிதறும் முத்துகள், நிழலிலிருந்து வெளிப்படும் இளைஞனின் சிரிப்பு என்று நினைவு முழுவதும் திரண்டு வருகிறது. நாடகமாகப் பார்த்தால் இதைக் குறை சொல்ல இடமில்லை. நாயகனும் வில்லனும் ஒருவரையொருவர் படைத்தவர்கள், இருவருக்கும் இடையே தீராத கணக்கு ஒன்று இருக்கிறது என்ற சமன்பாடு படத்துக்குப் புராணத்தின் இறுக்கத்தைத் தருகிறது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கொலையாளிக்கு முகம் கிடைத்ததும் பேட்மேனின் போர் தனிப்பட்ட பகையாகச் சுருங்கிவிடுகிறது. மணிக்கூண்டின் உச்சியில், ஹெலிகாப்டர் ஏணியில் தப்பிக்க முயலும் ஜோக்கரின் காலைக் கற்சிலையோடு பிணைத்து அவன் விழுந்து சாகக் காரணமாகும் பேட்மேன், அடுத்த நாளும் எதற்காக முகமூடி அணிய வேண்டும்? அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. வானில் ஒளிரும் வௌவால் சின்னமும் டேனி எல்ஃப்மனின் மகத்தான இசையும் அதை மறக்கச் செய்கின்றன, அவ்வளவே. பர்ட்டனே 1992-இன் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் அந்தப் பகையை முற்றிலும் விட்டுவிட்டு, பெற்றோராலேயே ஆற்றில் எறியப்பட்ட பெங்குவின் என்னும் இன்னொரு செல்வந்தக் குடும்பத்து அனாதையை நாயகனுக்கு எதிரே நிறுத்தியது கவனிக்கத்தக்கது. முதல் படத்தைவிட அது ஆழமானது என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. அதன் இருள் பெற்றோர்களின் புகார்களுக்கு ஆளானதால், பொறுப்பு ஜோயல் ஷூமாக்கரிடம் போனது. 1995-இல் வால் கில்மரையும் 1997-இல் ஜார்ஜ் குளூனியையும் வைத்து அவர் எடுத்த இரு படங்களில் வண்ண விளக்குகள் மிகுந்தன. பெற்றோரை இழந்து பழிவாங்கத் துடிக்கும் இளைஞன் ராபினிடம், பழி தீர்த்தாலும் வலி தீராது என்று புரூஸ் சொல்லும் ஒரு நல்ல இடம் முதற்படத்தில் உண்டு.

அந்த இடைக்காலத்தின் உண்மையான சாதனை பெரும்பாலோர் திரையரங்கில் பார்க்காத ஓர் அனிமேஷன் படம். 1993 கிறிஸ்துமஸ் அன்று வெளியான ‘மாஸ்க் ஆஃப் தி ஃபான்டசம்’, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கிளையாக எரிக் ரடோம்ஸ்கியும் புரூஸ் டிம்மும் இயக்கியது. அதில் இளம் புரூஸ், பேட்மேன் ஆகும் முன்பே, ஆண்ட்ரியா என்ற பெண்ணைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறான். கொட்டும் மழையில் பெற்றோரின் கல்லறைமுன் விழுந்து, தான் மகிழ்ச்சியாக இருக்கக்கூடும் என்பதைச் சபதம் செய்தபோது எண்ணிப் பார்க்கவில்லை என்றும், இப்போது அந்த வலி முன்போல் இல்லை என்றும், தன்னை விடுவித்துவிடும்படியும் கெஞ்சுகிறான். கெவின் கான்ராயின் குரல் அந்த இடத்தில் உடைகிறது. கொலையாளி யார் என்ற கேள்வியையே இப்படம் தொடுவதில்லை. சபதம் ஒரு மனிதனைக் காக்குமா, அல்லது உயிரோடு புதைக்குமா என்று கேட்கிறது. பேட்மேனைப் பற்றி எடுக்கப்பட்ட எல்லாப் படங்களிலும் இதைவிட மனிதத்தன்மை நிறைந்த காட்சி இல்லை.

கிறிஸ்டோபர் நோலன் 2005-இல் ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தில் ஜோ சில்லைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் அவனை அரக்கனாகக் காட்டாமல், பஞ்ச காலத்தின் விளைச்சலாகக் காட்டினார். சந்தின் காட்சியை நோலன் அடுக்கியிருக்கும் விதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். குடும்பம் பார்ப்பது திரைப்படம் அன்று, ஓர் ஆப்பரா. மேடையில் வௌவால்கள்போல் ஆடும் உருவங்கள், முன்பு கிணற்றுக்குள் விழுந்து வௌவால்களிடம் சிக்கிய சிறுவனை அச்சுறுத்த, அவன் வெளியே போகலாம் என்கிறான். மகனின் பயத்தை மனைவிக்குக் காட்டிக்கொடுக்க விரும்பாத தந்தை, தமக்கே கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது என்று சொல்லிப் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். பக்கவாட்டுக் கதவு வழியாக அவர்கள் வெளிவருகிற இடம்தான் அந்தச் சந்து. கைநடுங்கும் ஒருவன் பணப்பையைக் கேட்கிறான். தாமஸ் அவனை அமைதிப்படுத்திக் கொடுத்தும்விடுகிறார். ஆனால் துப்பாக்கி மார்த்தாவின் முத்துமாலையை நோக்கித் திரும்பியதும் இடையில் வந்து நிற்கிறார். ஆக, இந்த புரூஸின் நெஞ்சில் இருப்பது கோபம் மட்டுமன்று, தன்னால்தான் அவர்கள் வெளியே வந்தார்கள் என்ற குற்றவுணர்வும்தான். காவல் நிலையத்தில் ஜிம் கார்டன் என்னும் எளிய காவலர் அந்தச் சிறுவனின் தோளில் ஒரு மேலங்கியைப் போர்த்துகிறார். ஏழு ஆண்டுகள் கழித்து, முப்படத் தொகுதியின் முடிவில், நாயகன் என்பவன் யாராகவும் இருக்கலாம் என்று பேட்மேன் கார்டனிடம் விளக்குவது இந்த ஒரு செயலை நினைவூட்டித்தான்.

பிற்பாடு, பெரிய தாதா ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கு ஈடாகச் சில் விடுதலையாகிறான். சட்டைக்குள் துப்பாக்கியோடு நீதிமன்றத்துக்கு வருகிறான் இளைஞன் புரூஸ். ஆனால் அவன் கை உயரும் முன்பே, தாதாவின் ஆள் ஒருத்தி சில்லைச் சுட்டுவிடுகிறாள். 1948-இன் முடிவு இங்கே தலைகீழாகிறது. அன்று நாயகனுக்கு நிறைவு தந்த அதே திருப்பம், இன்று அவனைக் கையில் பயனற்ற துப்பாக்கியோடு நிற்க வைக்கிறது. அவன் தோழி ரேச்சல் அவனைக் கன்னத்தில் அறைந்து, கோதமின் ஏழைகள் வாழும் தெருக்களைக் காட்டுகிறாள். பொருளாதார நெருக்கடியை உண்டாக்கி நகரத்தை அழிக்கும் திட்டம் ஒன்றின் விளைவே சில்லின் வறுமை என்பதும், தாமஸ் வேயின் உதவ நினைத்த மக்களில் ஒருவனே அவரைச் சுட்டான் என்பதும் பின்னர் தெரியவருகின்றன. கொலையாளியின் இடத்தில் ஒரு நகரத்தின் நிலைமையே வந்து நிற்கிறது. பழிவாங்க ஆள் இல்லாதபோதுதான் நீதி என்ற சொல்லுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கிறது என்பதை இந்தக் கதையில் இவ்வளவு தெளிவாக வேறு எவரும் அமைக்கவில்லை.

2008-இன் ‘தி டார்க் நைட்’ இதற்கு எதிர்முனை. ஹீத் லெட்ஜரின் ஜோக்கர் தன் வாயோரத் தழும்புகளுக்குக் காரணமாக, ஒருவனிடம் குடிகாரத் தந்தையைச் சொல்கிறான். ரேச்சலிடம் மனைவியைச் சொல்கிறான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. குற்றத்துக்குக் காரணம் தேடும் மனத்தைக் கேலி செய்யவே அவன் அந்தக் கதைகளைப் புனைகிறான். வறுமையைத் துடைத்தால் குற்றம் குறையும் என்று முதற்படத்தில் வாதிட்ட இயக்குநரே, எந்தக் காரணத்துக்கும் அடங்காத தீமையை அடுத்த படத்தில் கொண்டுவந்து தன் வாதத்தையே சோதனைக்கு உட்படுத்தினார். 1989-இன் ஜோக்கருக்குப் பெயரும் பிறப்பும் இறப்பும் இருந்தன, புரூஸோடு உறவும் இருந்தது. இவனுக்கு எதுவும் இல்லை, சட்டைப்பையில் ஓர் அடையாளச் சீட்டுகூட இல்லை. படம் வெளியாகும் முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்ட லெட்ஜருக்கு மறுஆண்டு ஆஸ்கர் வழங்கப்பட்டது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் மெஹ்ரன்கர் கோட்டை அருகிலும் சில காட்சிகள் எடுக்கப்பட்ட 2012-இன் மூன்றாம் படத்தில், வேயின் மாளிகை அனாதைச் சிறுவர்களின் இல்லமாக மாறுகிறது.

பேட்மேனையும் சூப்பர்மேனையும் மோதவிடும் ஸாக் ஸ்னைடரின் 2016 படம் சந்தின் காட்சியோடுதான் தொடங்குகிறது. மில்லரின் கட்டங்களை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி, முத்துமாலை துப்பாக்கியின் மேல் சிக்கி அறுவதை மெதுவோட்டத்தில் காட்டும் அந்தத் தொடக்கம் ஓவியம்போல அழகானது. ஆனால் கொலையாளி யார், ஏன் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. எஞ்சும் ஒரே பயன், தாயின் பெயர் மார்த்தா என்பது சூப்பர்மேனின் தாய்க்கும் பொருந்துவதால் இருவரின் சண்டை நின்றுவிடுகிறது என்ற திருப்பம்தான். துயரத்தின் தோற்றம் இருக்கிறது, துயரத்தைப் பற்றிய சிந்தனை இல்லை. எனினும் ஒரு நியாயத்தை அந்தப் படம் செய்தது. 1974-இல் வறுமையில் இறந்த பில் ஃபிங்கரின் பெயர், கேனின் பெயரோடு சேர்த்து, படைப்பாளர் வரியில் இடம்பெற்ற முதல் பேட்மேன் திரைப்படம் அதுவே. சந்தின் கதையை எழுதியவருக்குத் திரையில் இடம் கிடைக்க எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின என்பது இந்த வரலாற்றின் வெட்கக்கேடு.

2019-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை வென்ற டாட் ஃபிலிப்ஸின் ‘ஜோக்கர்’, தாமஸ் வேயினையே நகரத்தின் நோயில் ஒரு பகுதியாக்கியது. 1981-இல் நடக்கும் அக்கதையில் அவர் மேயர் பதவிக்குப் போட்டியிடும் கர்வம் மிக்க செல்வந்தர். வாழ்க்கையில் முன்னேறாதவர்களைத் தொலைக்காட்சியில் கோமாளிகள் என்று இகழ்பவர். கலவர இரவில் கோமாளி முகமூடி அணிந்த யாரோ ஒருவன் சந்துக்குள் பின்தொடர்ந்து வந்து அவரையும் மனைவியையும் சுடுகிறான். ஜோக்கர் சுடவில்லை, ஆனால் ஜோக்கரின் சொற்கள் சுட்டவனின் வாயில் இருக்கின்றன. கொலையாளி மீண்டும் பெயரற்றவன் ஆகிறான் என்றாலும், அவன் இப்போது தனியாள் அல்லன், ஒரு கூட்டத்தின் கை. துணிச்சலான இந்த எண்ணத்தின் குறை, சுடப்படுபவரை அத்தனை வெறுக்கத்தக்கவராக ஆக்கியதால் அந்தச் சிறுவனின் இழப்பு பார்வையாளருக்கு ஏறக்குறைய உறைக்காமல் போவதுதான்.

மேட் ரீவ்ஸின் 2022 படமான ‘தி பேட்மேன்’ ஒரு முடிவை எடுத்தது: சந்தைக் காட்டவே இல்லை. ராபர்ட் பாட்டின்சனின் புரூஸ் முகமூடி அணிந்து இரண்டாம் ஆண்டில் இருக்கிறான்; பேட்மேனாக ஒரு கொலை நடந்த வீட்டுக்குள் நுழையும்போது, மேயரான தன் தந்தையின் பிணத்தைக் கண்டெடுத்த சிறுவன் ஒருவன் எதிரே நிற்கிறான்; முகமூடிக்குள் இருக்கும் கண்கள் அச்சிறுவனிடமிருந்து நகர மறுக்கின்றன. பழைய காட்சி முழுவதும் அந்தப் பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. பின்னர் துப்பறிவாளனாக அவன் தோண்டத் தோண்ட, வெளிப்படுவது தந்தையின் கறை: மனைவியின் குடும்ப இரகசியத்தை வெளியிடவிருந்த நிருபர் ஒருவரை அச்சுறுத்தும்படி தாமஸ் ஒரு தாதாவிடம் கேட்டார், தாதா அந்த நிருபரைக் கொன்றே விட்டான். பெற்றோரைக் கொன்றது யார்? போட்டித் தாதா என்று ஒருவன் சொல்கிறான். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் வளர்ப்பாளர் ஆல்ஃபிரட், அதுவாகவும் இருக்கலாம், பணத்துக்கு அலைந்த ஏதோ ஒரு திருடனாகவும் இருக்கலாம், தமக்குத் தெரியாது என்கிறார். படம் அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பர்ட்டன் தந்த உறுதிக்கு நேர்மாறான இந்த அறியாமையே ரீவ்ஸின் பெரும் பலம், ஏனென்றால் புரூஸ் தன் வாழ்க்கையை எதன்மேல் கட்டினானோ அந்த அடித்தளமே அவன் காலடியிலிருந்து விலகிவிடுகிறது.

அதன் விளைவைப் படம் கடைசிவரை கொண்டுசெல்கிறது. தொடக்கத்தில் தன்னைப் பழியின் உருவம் என்று அறிவித்துக்கொள்ளும் பேட்மேன், இறுதியில் மக்கள்மீது சுட்ட ஒருவனைப் பிடித்து யார் நீ என்று கேட்கும்போது, அவன் அதே சொல்லைத் தன் பெயராகத் திருப்பிச் சொல்கிறான். அந்த ஆள், தாமஸ் வேயின் தொடங்கி வைத்து ஊழல்வாதிகள் கொள்ளையடித்த நிதியால் கைவிடப்பட்ட அனாதை இல்லத்தில் வளர்ந்த, இப்படத்தின் வில்லனான ரிட்லரின் சீடன். செல்வந்த அனாதை ஒருவனுக்குக் கிடைத்த முகமூடியை ஏழை அனாதைகளும் அணிந்துகொண்டார்கள் என்பதை நாயகனே நேருக்கு நேர் காண்கிறான். அதன் பிறகு, நகரத்துக்குள் வெள்ளம் புகுந்த அரங்கில் அவன் செய்வது சண்டை அன்று; தண்ணீருக்குள் குதித்து, சிவப்பு ஒளிக்குச்சியை உயர்த்திப் பிடித்து, சிக்கிக்கொண்ட மக்களை வெளியே நடத்திச் செல்வதுதான். முதலில் அவன் கையைப் பற்றத் துணிவது மேயரின் மகன்.

ரீவ்ஸின் இரண்டாம் பாகம் ஒருபுறம் இருக்க, 2023-இல் டி.சி. நிறுவனம் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ என்ற தனிப் படம் ஒன்றையும் அறிவித்தது. அதில் புரூஸுடன் அவன் மகன் டேமியனும் இடம்பெறுவான். கிரான்ட் மாரிசன் 2006-இல் காமிக்ஸில் கொண்டுவந்த டேமியன், கொலையாளிகளின் கூட்டத்தில் தாயால் வளர்க்கப்பட்டு, தந்தையைச் சந்திக்கும் முன்பே கொல்லக் கற்றுக்கொண்ட சிறுவன். இதுவரை வந்த படங்கள் எல்லாம் சுட்டவனை வெளியே தேடின, அல்லது தேடுவதைக் கைவிட்டன. இந்தப் படத்தில் கொன்றவன் வேயின் மாளிகையில், புரூஸ் எந்த வயதில் பெற்றோரை இழந்தானோ ஏறக்குறைய அதே வயதில், தந்தையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணப்போகிறான். அவனிடம் புரூஸ் நீதிபதியாக நடந்துகொள்வானா, தகப்பனாக நடந்துகொள்வானா என்பதை இயக்குநர் முடிவு செய்தாக வேண்டும்.